சம்பந்தி வீட்டுக் காற்று

"சாப்புட்டீங்களா சாமி?" என்று நீச்சல்குளத்துக் காவல்காரரைக் கேட்டாகிவிட்டது. குளோரின் கலக்க வந்தவரைக் கேட்டாகிவிட்டது. முதுகில் காற்றுச் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட், காலில் ரப்பர்த் துடுப்பு சகிதம் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பாவாயி அம்மாள் இப்போது என் பக்கம் திரும்புகிறார். "ஏனுங் டீச்சர், சாப்புட்டீங்களா?" ஆயிற்று என்று சொன்னால் விடமாட்டார். என்ன, இட்லியா, எத்தனை, தொட்டுக்க என்ன என்று விசாரணைக் கமிஷன் வைப்பார். அதற்குள் பயிற்சியாளர் விசிலை ஊதிவிடுவார். "சித்த இருங்க, உள்ள போயிட்டு வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, மூச்சுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு தொபுக்கென்று தண்ணீருக்குள் மறைந்துபோவார். கொஞ்ச நேரத்துக்குக் குமிழிகள் மட்டும் மேலே வரும். அந்தக் குமிழிகளும் ஏதோ விசாரிக்கின்றன என்றே எனக்குத் தோன்றும்.

திருச்செங்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்கிறார் என்றதும் தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் எந்த டிவியில் வரும் என்று கேட்டார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. என் இடுப்புவலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்ததால், தினமும் அதே குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் எருமை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

பாவாயி அம்மாளின் வீட்டுக்காரர் பூபதிக்கு இரண்டு போர்வெல் வண்டிகள். இந்த ஊரில் வண்டி என்றாலே ரிக் லாரிதான். மற்றதெல்லாம் பேச்சுக்கு வண்டி. சத்தீஸ்கர், ஒடிசா என்று கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்பாது. அதில் போகிற பையன்களுக்கு அரிசி, பருப்பு, பொடி வகையறா, ஊறுகாய் என்று மூட்டை கட்டி ஏற்றுவது பாவாயி அம்மாளின் வேலை. ஏற்றியதோடு முடியாது. மத்தியானம் ஆனால் போனைப் போட்டு, "இன்னிக்கு என்ன கொழம்பு? ரசம் வெச்சீங்களா? ஏன் வெக்கல?" என்று ராய்ப்பூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பவர்களைத் துளைத்தெடுப்பார். கம்ப்ரசர் சத்தத்தைச் சாக்காக வைத்து அவர்கள் காது கேட்காத மாதிரி நடிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

கொடுப்பதில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "கேட்டதுக்கப்புறம் குடுத்தா அது குடுத்ததுல சேத்தியில்லீங் டீச்சர்." ஆகவே கேட்காதவர்களுக்கும் கொடுப்பார், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களுக்கும் கொடுப்பார். நான் போடாத முறுக்கு என் பைக்குள் பலமுறை இருந்திருக்கிறது. சட்டத்தின் மறுபாதியில்தான் சிக்கல். தான் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். வீட்டில் உப்புத் தீர்ந்தால் அன்றைக்கு உப்பில்லாத குழம்புதான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். ஒருமுறை ரிக் பையன்களுக்கு மிளகாய் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனவர், கடை இருந்த சந்து மறந்துபோய், வழி கேட்க மனம் வராமல் வெயிலில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கடைசியில் மிளகாய்க் கடை ஹனீப் பாயே வெளியே ஓடிவந்து, "என்னம்மா, காலைலேருந்து எங்க கடையத் தாண்டித் தாண்டிப் போறீங்க, எதாச்சும் கோவமா?" என்று கேட்டாராம். இதைப் பாவாயி அம்மாள் வெற்றிக் கதையாகவே சொல்வார். "பாத்தீங்களா, கேக்காமயே வந்து சேந்துட்டனுங்ளே!"

இப்படிப்பட்டவர் எதற்காகச் சிலிண்டரைத் தூக்கினார்? எல்லாம் பிள்ளைகள் பண்ணிய வேலை. ஒரே மகள் அபிநயாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மகளுக்கும் மருமகன் காளிதாசுக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் அந்தமானுக்கு அழைத்துப் போவது, அங்கே எல்லோருமாகக் கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறை பார்ப்பது என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். சும்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிற டைவிங் வேண்டாமாம். முறைப்படி படித்து இறங்க வேண்டுமாம். நீச்சல்குளத்துப் பாடங்களை இங்கேயே முடித்துப் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கிப் போனால், மிச்சத்தை அங்கே கடலில் சொல்லிக்கொடுப்பார்கள். கையெழுத்து இல்லையென்றால் கரையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றோரை வைத்து என்னென்ன பரிசோதனையெல்லாம் செய்கிறார்கள் பாருங்கள்.

அப்பாக்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். பூபதி ரத்தக்கொதிப்பைக் காட்டித் தப்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா காதுச் சவ்வைக் காட்டித் தப்பித்தார். மாட்டிக்கொண்டவர்கள் அம்மாக்கள். ஆளுக்கொரு முட்டிவலியைக் காட்டி அவர்களும் கழன்றிருக்கலாம். ஆனால் அவர் முதலில் விலகட்டும் என்று இவரும், இவர் விலகட்டும் என்று அவரும் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் இரண்டு பேரும் ரப்பர் உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டார்கள்.

வீம்பு மட்டும்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து துடுப்பைக் கழற்றிக்கொண்டே பாவாயி அம்மாள் என்னிடம் சொன்னார்: "ஒருத்தியத்தானுங் பெத்தேன். அவ கடலுக்கடியில அவ மாமியாளோட நின்னு மீனு பாப்பா. நானு கரையில துண்ட வெச்சுட்டு நிக்கிறதுங்ளா? அவ என்ன பாக்குறாளோ அத நானும் பக்கத்துல நின்னு பாக்கோணும்." சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் கிண்டல் பண்ணத் தோன்றவில்லை.

அந்த மாமியார், அதாவது பாவாயி அம்மாளின் சம்பந்தி, முத்தாயம்மாள். ராசிபுரத்தில் நெய் வியாபாரக் குடும்பம். சிரித்தால் மொத்த உடம்பும் சிரிக்கும். அவ்வளவு தாராளமான உடம்பு. வகுப்பு நாட்களில் ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது கையில் ஒரு தூக்குப்போசி நெய் இருக்கும். போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? பாவாயி அம்மாள் அதில் முறுக்கை நிரப்பிக் கொடுப்பார். அடுத்த வகுப்புக்கு இரண்டு போசி நெய் வரும். இரண்டு போசி முறுக்கும் மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் திரும்பிப் போகும். வாங்கினதற்கு மேலே திருப்பிக் கொடுத்துவிட்டால் அது வாங்கினதாகாது என்பது பாவாயி அம்மாளின் சட்டத்தில் ஓர் உட்பிரிவு. வந்த நெய்யில் ஒரு சொட்டுக்கூட அவர் வாயில் படாது. அத்தனையும் ரிக் மூட்டையில் ஏறி ஒடிசா போய்விடும். அங்கே பையன்கள் பளபளவென்று இருக்கிறார்கள் என்று கேள்வி.

பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர் கொள்கை. "எங்கப்பன் என்னையக் குடுத்த ஊட்ல கடைசி வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கலீங். எத்தன நேரமானாலும் திரும்பி வந்து நம்மூட்லதான் சாப்புடுவாரு." மகள் ராசிபுரம் வந்திருக்கிறாள் என்றால் பார்க்கப் போவார்; காலையிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவார்; இலை போடும் நேரத்துக்குச் சரியாகச் செருப்பைத் தேடுவார். முத்தாயம்மாள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும்.

இந்த இரண்டு பேரையும்தான் பயிற்சியாளர் ஷஹ்பாஸ் ஜோடி சேர்த்துவிட்டார். அந்த மிளகாய்க் கடை ஹனீப் பாயின் மகன்தான் அவர். கல்லாவில் உட்காரச் சொன்னால் கடலுக்குப் போனவர். சில வருஷம் அந்தமானில் இருந்து பயிற்சியாளர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிவந்து, இங்கே ஒரு ரிக் முதலாளி ஆசைக்குக் கட்டிப்போட்ட குளத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறார். தங்கமான பையன், ஆனால் கறார். எதற்கெடுத்தாலும் ஸ்டாண்டர்டு என்பார். "ஒரு தடவ தப்பிப் பொழச்சுச் செஞ்சா பத்தாதும்மா. அலட்டிக்காம, தடுமாறாம, திரும்பத் திரும்பச் செஞ்சு காட்டணும். அதான் ஸ்டாண்டர்டு. தண்ணிக்குள்ள ஒருத்தர் உசுருக்கு அவரோட ஜோடிதான் பொறுப்பு."

முதல் தகராறு ஈயத்தில் வந்தது. ரப்பர் உடுப்பு போட்டால் உடம்பு மிதக்கும். முங்குவதற்கு இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். பருமனுக்குத் தக்கபடி எடை. ஷஹ்பாஸ் முத்தாயம்மாளுக்கு ஆறு கிலோவும் பாவாயி அம்மாளுக்கு மூன்று கிலோவும் கொடுத்தார். பாவாயி அம்மாள் சம்பந்தியின் இடுப்பைப் பார்த்தார், தன் இடுப்பைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "ஏங்கண்ணு, அவிங்களுக்கு ஆறு, எனக்கு மூணா? நாங்க என்ன கொறஞ்சவிங்களா?" ஷஹ்பாஸ் அறிவியலெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒட்டியாணத்தில் ஓரவஞ்சனை செய்துவிட்டதாகவே இவருக்குப் பட்டது. ஷஹ்பாஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இன்னும் மூன்று கிலோவைத் தானே எடுத்துக் கோத்துக்கொண்டு இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அம்மிக்கல் போனது மாதிரி நேரே தரைக்குப் போனார். ஷஹ்பாஸ் பின்னாலேயே பாய்ந்து தூக்கிவந்தார். மேலே வந்ததும் பாவாயி அம்மாள் கேட்டது: "அவிங்க அளவுக்குப் போனனுங்ளா?"

ஆனால் தண்ணீர் அவருக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கிணற்றில் மேலிருந்து குதித்து வளர்ந்தவர். நீந்திக் காட்டச் சொன்னபோது குளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அளந்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று பார்த்தார். மாஸ்க்குக்குள் தண்ணீரை நிரப்பி மூக்கால் ஊதி வெளியேற்றும் பாடத்தில் முத்தாயம்மாள் பாதிக் குளத்தைக் குடித்தார். பாவாயி அம்மாள் ஒரே ஊதலில் முடித்தார். மூச்சைப் பிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. துரதிருஷ்டம் பாருங்கள், ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பதுதான். சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கெடுத்துவிடும். நிறுத்தாமல் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "கெணத்துல பளகுனதெல்லாம் மறந்துருங்கம்மா" என்று ஷஹ்பாஸ் தினமும் கெஞ்சினார்.

பிறகு வந்தது அந்தப் பாடம். தண்ணீருக்கடியில் ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? கழுத்தில் கையைக் குறுக்கே இழுத்து, எனக்குக் காற்று இல்லை என்று ஜோடிக்குக் காட்ட வேண்டும். ஜோடியிடம் மஞ்சள் குழாயில் இன்னொரு வாய்க்கருவி உபரியாகத் தொங்கும். அதைக் கொடுப்பார். வாங்கி ஒரு நிமிஷமாவது பதறாமல் மூச்சு விட வேண்டும். இருவரும் மாறி மாறிக் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்தால்தான் கையெழுத்து.

முதலில் கொடுக்கிற முறை பாவாயி அம்மாளுடையது. கேட்க வேண்டுமா! இந்தக் காட்சிக்காகவே நான் ஒரு பழைய மாஸ்க்கை இரவல் வாங்கி, ஆழமான பக்கத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். முத்தாயம்மாள் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே இவர் பாய்ந்துவிட்டார். அதுவும் உபரிக் கருவியை அல்ல. தன் வாயிலிருந்ததைப் பிடுங்கிச் சம்பந்தியின் வாயில் திணித்துவிட்டு, மஞ்சளைத் தான் கவ்விக்கொண்டார். போதும் என்று முத்தாயம்மாள் கை காட்டினார். இவர் விடவில்லை. முத்தாயம்மாள் பந்தியில் இலையை மறைப்பது மாதிரி இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். இவர் கைகளை விலக்கிவிட்டு இன்னும் அழுத்தினார். மேலே வந்ததும் ஷஹ்பாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "மஞ்சளத்தானேம்மா குடுக்கச் சொன்னேன்?"

"உபரியா தொங்குறதப் போயி சம்பந்தியூட்டு ஒறம்பரைக்குக் குடுக்குறதா கண்ணு? நல்லா இருக்குமா?"

சரி, கொடுப்பதைத் திருத்திவிடலாம். வாங்குவதுதான் முடியவில்லை. ஷஹ்பாஸ் பின்னாலிருந்து பாவாயி அம்மாளின் சிலிண்டரை மூடினார். குமிழிகள் நின்றன. எதிரே முத்தாயம்மாள் மஞ்சள் குழாயைத் தயாராகத் தொட்டுக்கொண்டு நின்றார். இவர் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து முழங்காலிட்டிருந்தார். ஷஹ்பாஸ் தண்ணீருக்குள் எழுதும் சிலேட்டில், "கேளுங்கம்மா" என்று எழுதிக் காட்டினார். இவர் மரியாதையாகத் தலையாட்டினார். கேட்கவில்லை. "கேளுங்க!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டுக் காட்டினார். அதற்கும் தலையாட்டினார். குண்டாவில் பால் பொங்குகிற நேரம் ஆகியிருக்கும். ஷஹ்பாஸ் பயந்துபோய்ச் சிலிண்டரைத் திறந்துவிட்டார்.

"மூச்சப் புடிச்சது ஒரு தப்பு, கேக்காதது இன்னொரு தப்பு" என்றார் மேலே வந்து.

"எனக்குத்தான் உள்ள மூச்சு இருந்துச்சே கண்ணு. இருக்குறப்ப எதுக்கு ஒருத்தர்கிட்டப் போயி கேக்கோணும்?"

"கடல்ல இருக்காதும்மா."

"கடல்ல பாத்துக்கலாமுங்."

அடுத்தடுத்த வகுப்புகளிலும் இதே கதை. ஒருநாள் சம்பந்தியைப் பார்த்து, நீங்கள் முதலில் என்று கை காட்டினார். இன்னொரு நாள் கையை உயர்த்திக் கழுத்து வரை கொண்டுபோனவர், கடைசி நேரத்தில் தாலிக்கொடியைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு இறக்கிவிட்டார். முத்தாயம்மாளோ தன் முறை வரும்போதெல்லாம் ஆனந்தமாகக் கழுத்தை அறுத்துக் காட்டி, வாங்கி, சுகமாக மூச்சுவிட்டுத் தேறிவிட்டார். அவருக்குக் கையெழுத்து உறுதி. பாவாயி அம்மாளுக்கு இல்லை. இனி இந்த ஒரு பாடத்தில்தான் எல்லாம் நின்றது.

பூபதிக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவிக்குத் தெரியாமல் மிளகாய்க் கடைக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் குளக்கரையில் ஷஹ்பாஸின் போன் அலறியது. கை ஈரம் என்று அவர் ஸ்பீக்கரில் போட, ஹனீப் பாயின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "டேய், அந்தம்மா நமக்கு எத்தன வருசக் கஸ்டமருன்னு தெரியுமா? ஒரு கையெழுத்துத்தான, போட்டு விட்ரு."

"அத்தா, கடையில நீங்க கொசுறு போடுங்க, வேணாங்கல. தண்ணிக்கடியில கொசுறு கெடையாது."

பாவாயி அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. கோபம் ஷஹ்பாஸ் மேல் இல்லை. அங்கிருந்தே பூபதிக்குப் போன் போட்டார். "எனக்காவ நீங்க போயி ஒருத்தர்கிட்டக் கேட்டீங்ளா? என்ற மானத்த வாங்கிப்போட்டீங்களே! இதுக்கு நானு கெணத்துலயே இருந்திருப்பேன்." பூபதி மறுமுனையில் கம்ப்ரசர் சத்தம் கேட்கிற மாதிரி ஏதோ சமாளித்தார்.

ஷஹ்பாஸ் பொறுமையாகச் சொன்னார்: "நாளைக்குக் கடைசி வகுப்பும்மா. மறுநாள் உங்களுக்கு ஃப்ளைட்டு. நாளைக்கு நீங்க கேட்டு வாங்கினா சந்தோசமா கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா அபிநயா அக்காகிட்ட நானே பேசிக்கிறேன்."

அபிநயா பெயரைச் சொன்னதும் பாவாயி அம்மாள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு என்னிடம் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்காமல் போனார். அப்போதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கடைசி நாள். பெண்கள் உடை மாற்றும் அறையில் நாங்கள் மூன்று பேர். ரப்பர் உடுப்புக்குள் உடம்பை நுழைப்பது லேசான காரியமில்லை. முத்தாயம்மாளுக்கு ஒரு கை, பாவாயி அம்மாளுக்கு ஒரு கை என்று நான் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். பாதி உடுப்பில் முத்தாயம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங் சம்பந்தி, எங்கிட்ட வாங்குனா என்னங்க ஆயிப்போகும்?"

"எங்கப்பன்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"உங்கப்பாரு சிலிண்டரக் கட்டிட்டா எங்க ஊட்டுக்கு வந்தாரு? சும்மா இருங்க சம்பந்தி." முத்தாயம்மாள் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "நீங்க எங்கூட்டுக்கு வந்துட்டு வெறுவாயோட போறீங்கல்லோ, அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க புள்ளைக்கு இலையப் போட்டுட்டு நானு கூப்புடுவேன். பசிக்கலீங் அத்தைன்னு சொல்லும். அம்மா சாப்புடாமப் போன ஊட்ல அந்தப் புள்ளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் அது பட்டினிதானுங். எனக்கு அதப் பாக்க முடியல. எத்தன நெய்ய உருக்கி வெச்சு என்னங்க பண்றது?"

பாவாயி அம்மாள் கையில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு நின்றார். ஊரையெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர் அவர். ராய்ப்பூரில் ரசம் வைத்தார்களா என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறவர். இது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சொல்லவே இல்லீங்ளே அவ" என்று மட்டும் சொன்னார்.

"நீங்கதானுங் கேக்கவே இல்ல" என்றார் முத்தாயம்மாள்.

வெளியே விசில் ஊதியது. இருவரும் போய் இறங்கினார்கள். நானும் இடுப்புவலியை மறந்து ஏணிக்கு ஓடி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன்.

கீழே தரையில் மூன்று பேரும் முழங்காலிட்டிருந்தார்கள். ஷஹ்பாஸின் கை பின்னால் போய் சிலிண்டரை மூடியது. பாவாயி அம்மாளின் தலைக்கு மேல் இரண்டு கொத்துக் குமிழிகள் வந்தன, நின்றன. முத்தாயம்மாள் இன்றைக்கு மஞ்சள் குழாயைத் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஷஹ்பாஸ் சிலேட்டை எடுத்தார். என்ன நினைத்தாரோ, எழுதாமல் வைத்துவிட்டார். மேலே தொங்கிக்கொண்டிருந்த நான்தான் மூச்சு விட மறந்துபோனேன்.

பாவாயி அம்மாளின் வலது கை எழுந்தது. கழுத்துக்கு வந்தது. அங்கே நின்றது. போச்சு, தாலிக்கொடிதான் என்று நான் நினைத்தேன். கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மெதுவாகக் குறுக்கே போனது. ஒருமுறை போதாது என்பதுபோல இன்னொரு முறையும் போனது. அப்புறம் அந்தக் கை முன்னால் நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்தது.

முத்தாயம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் குழாயை இழுத்த வேகத்தில் முதலில் சம்பந்தியின் மாஸ்க்கில் இடித்தார், பிறகு மூக்கில் இடித்தார், மூன்றாவது முறைதான் உள்ளங்கையில் வைத்தார். பாவாயி அம்மாள் வாங்கிக் கவ்வினார். குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பி என் முகத்தில் வந்து மோதின. இழுத்தார், விட்டார், இழுத்தார், விட்டார். ஒருமுறைகூட மூச்சைப் பிடிக்கவில்லை. ஷஹ்பாஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிஷம் ஆனதும் பின்னால் கையை விட்டு அவருடைய சிலிண்டரைத் திறந்துவிட்டு, முடிந்தது, உங்களுடையதற்கே மாறிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். முத்தாயம்மாள் தன் குழாயைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

பாவாயி அம்மாள் தலையை ஆட்டி மறுத்தார். இடது கையால் மஞ்சள் கருவியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகப் பிரித்துக் காட்டினார்: இன்னுங் கொஞ்சம்.